தலைக்கட்டு வரி எவ்வளவு, ஐயா?

அனுப்புநர்:
செயலாளர், இளைஞர் கால்பந்துக் குழு (கபடிக் குழுவுக்கும் இவரே),
கீழப்பாவூர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம்,
துவாரகா, புது தில்லி.

பொருள்: இரண்டாம் நிலை லீக்கில் ஆடி ஜெயிக்கும் வீண் வேலையைத் தவிர்த்து, முதல் நிலை லீக்கில் நேரடியாக இடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் பந்து உதைக்கிற பையன்கள் சார்பில் இதை எழுதுகிறேன். மூட்டையை ஏற்றவும் இறக்கவும் நன்றாகத் தெரிந்த எங்களுக்கு, அணிகளை ஏற்றி இறக்கும் தங்கள் முறை மட்டும் பிடிபடவில்லை. பிடிபட்ட அளவில் சொல்கிறேன். தப்பிருந்தால் தாங்கள்தான் திருத்த வேண்டும்.

2016இல் மிசோரத்தின் ஐசால் அணி, அப்போது தலைமை லீக்காக இருந்த ஐ-லீக்கிலிருந்து இறக்கப்பட்டது. கோவா அணிகள் விலகியதால் லீக்கில் ஆள் குறைந்தது. ஐசாலை மறுபடி கூப்பிட்டீர்கள். கூப்பிட்ட மரியாதைக்கு அது 2017 ஏப்ரலில் கோப்பையையே வென்றுவிட்டது. அதே ஆண்டு, இன்னொரு லீக்கான ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) புதிதாக இரண்டு இடம் போட்டார்கள். சாம்பியனுக்கு ஒன்று நிச்சயம் என்று நினைத்தோம். இரண்டில் ஒன்று ஜாம்ஷெட்பூருக்குப் போனது. அந்த அணி பிறந்ததே அந்த ஆண்டில்தான். ஜெயிப்பதைவிடப் பிறப்பு முக்கியம் என்று எங்கள் நோட்டில் குறித்துக்கொண்டோம்.

2019 மார்ச்சில் நம்ம சென்னை சிட்டி அணி, கோவையில் ஆடி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக்கை வென்றது. பெட்ரோ மான்சி அடித்த கோல்களுக்கு இங்கே போனைப் பார்த்தே விசிலடித்தோம். அதே ஆண்டு, ஐஎஸ்எல்தான் நாட்டின் தலைமை லீக் என்று முடிவானது. ஜெயித்தவர்கள் நின்ற இடத்தில் நின்றபடியே இரண்டாம் நிலைக்கு வந்துசேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் ஐ-லீக்கிலும் அந்தப் பெயரைக் காணோம்.

ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கோகுலம் கேரளா 2021இலும் 2022இலும் அடுத்தடுத்து ஐ-லீக்கை வென்றது. ஐஎஸ்எல்லுக்கு ஏற்றம் என்பது 2022-23 சாம்பியனிலிருந்துதான் என்று தங்கள் திட்டம் சொன்னது. நன்றாக ஆடுகிறவர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் இல்லாதது பெரிய குறைதான், ஐயா.

எங்கள் ஊர்ப் பக்கம் சாமி கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவோம். வரி கொடுத்த வீட்டுக்குப் பங்கு வரும். 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல்லும் அதே ஏற்பாடு என்றுதான் எடுத்துக்கொண்டோம்: கோடிகளில் கட்டணம் கட்டும் முதலாளிக்கு இடம். ஒரே வித்தியாசம், எங்கள் கொடையில் எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி; பாக்கி வைத்தவனுக்கும் திருநீறு உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2023இல் பஞ்சாப் ஏறியது. 2024இல், 1891இல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. இருவரும் ஆடி ஜெயித்து ஏறியவர்கள். ஆனால் அவர்களுக்கு இடம்விட்டு ஒருவரும் இறங்கவில்லை. 2023-24இல் ஹைதராபாத் 22 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை ஜெயித்துக் கடைசியில் நின்றது. அடுத்த ஆண்டும் அதே லீக்கில் ஆடியது. கைமாறி, 2025இல் பேர் மாறி, டெல்லிக்குக் குடிபோனது. கீழே போக வேண்டிய அணி வடக்கே போயிற்று.

ஐ-லீக்கிலோ இறக்கம் கறாராக நடந்தது. 2023இல் மும்பை கெங்க்ரேயையும் டெல்லி சுதேவாவையும் தயங்காமல் இறக்கினீர்கள். அதற்குக் கீழே ஐ-லீக் 2, அதற்கும் கீழே 2023இல் தொடங்கிய ஐ-லீக் 3 வரைக்கும் படி போட்டிருக்கிறீர்கள். உச்சிப்படியிலிருந்து மட்டும் 2025 வரை ஒருவரும் இறங்கவில்லை, இருந்தவன் இருந்தான்.

2025க்கு வருவோம். ஏப்ரல் 6 அன்று ஐ-லீக் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39. இன்டர் காசியோடு ஆடிய ஆட்டத்தில் தகுதியில்லாத ஆட்டக்காரரை நாம்தாரி அணி இறக்கியது என்று வழக்கு. தங்கள் மேல்முறையீட்டுக் குழு சர்ச்சில்தான் சாம்பியன் என்றது. ஸ்விட்சர்லாந்தின் லொசானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஜூலை 18 அன்று இன்டர் காசி என்றது. ஏப்ரலில் ஊதிய விசிலுக்கு ஜூலையில் ரிசல்ட். சரி, காசிக்காரர்கள் ஏறலாம் என்று பார்த்தால், ஏற வேண்டிய லீக்கைக் காணோம்! ஒரு வாரம் முன்னால்தான் ஐஎஸ்எல்லை நிறுத்தி வைத்திருந்தார்கள். தங்கள் வணிக உரிமைகளுக்கு 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறதாம். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும் அல்லவா, ஐயா? அக்டோபரில் டெண்டர் விட்டீர்கள். கெடு முடிந்தபோது ஓர் ஆள்கூட எட்டிப்பார்க்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்று 14 அணிகளோடு சுருக்கமாகத் தொடங்கியது.

எங்கள் டீக்கடை அண்ணாச்சி கேட்கிறார்: "ஏன்டே, இறங்குறதுக்குப் பயம் இல்லன்னா, கடைசியா நிக்கிறவன் எதுக்குடே ஓடணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கிலாந்தில் 1898இலிருந்து ஏற்றமும் இறக்கமும் தானாக நடக்கின்றன. லெஸ்டர் அணி 2014இல் இரண்டாம் நிலையை வென்று ஏறியது. 2016இல் முதல் நிலைக் கோப்பையையே தூக்கியது. 2023இல் இறங்கி, 2024இல் ஏறி, 2025இல் திரும்பவும் இறங்கியது. அங்கே கடைசி மூன்று இடத்தைத் தவிர்க்க ஆடுகிறவர்களின் ஆட்டத்துக்கும் அரங்கம் நிறைகிறது, தோற்றால் போவதற்கு ஓர் இடம் இருப்பதால். இங்கே கடைசி இடத்துக்காரர் டிசம்பரிலேயே லீவு போட்டுவிடலாம். அதனால் கேடு கடைசி இடத்துக்காரருக்கு இல்லை; மாவட்டப் போட்டியில் ஆடிவிட்டு, மேலே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற எங்கள் பையனுக்கு.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. ஆடி ஜெயித்து ஏறுவது அணிகளுக்குக் கெடுதல் என்பது நிரூபணமாகிவிட்டதால், ஆடாமலே ஏற அனுமதிக்க வேண்டும். தலைக்கட்டு வரி எவ்வளவு என்று தெரிவித்தால் சந்தையில் வசூல் செய்து பார்ப்போம்.

2. அது முடியாதென்றால், உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 19 அன்று ஒப்புதல் தந்த தங்கள் சட்டவிதிகளில் ஏற்றம், இறக்கம் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை லேமினேட் செய்து கூட்ட அறையில் மாட்ட வேண்டும்.

3. அதைப் படித்த பிறகு, ஐஎஸ்எல்லின் கடைசி அணியை ஒரே ஒரு முறை இறக்கிக் காட்ட வேண்டும். எந்த அணி என்றாலும் எங்களுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
செயலாளர்.

இணைப்பு: ஆட்டக்காரர் பட்டியல் (ஏழு பேர், மீதி நாலு பேர் கேரள லோடு போயிருக்கிறார்கள்), ஆதார் நகல்கள், தபால்தலை ஒட்டிய பதில் உறை, காற்று அடித்த பந்து ஒன்று (முடிவெடுக்கும் மேஜைமேல் வைத்துக்கொள்ள).

நகல்: விளையாட்டு நடுவர் நீதிமன்றம், லொசான் (எப்படியும் அங்கேதான் வரப்போகிறது என்பதால், முன்கூட்டியே).