துக்கத்துக்கு ஒரு வேலை

கேள்வி: என் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து எட்டு மாதமாகிறது. சாமி அறைக்குள் நுழையவே மனம் வரவில்லை. "வேலையில் மனசைச் செலுத்து" என்கிறார்கள். வேலை துக்கத்தை ஆற்றிவிடுமா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: ஆற்றாது, சகோதரி. ஆனால் துக்கத்துக்கே ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் ஊரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைத்தான் செய்தார். அவருடைய தங்கையையும் இதே நோய்தான் கொண்டுபோனது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேறிய டாக்டர் அவர்; அவ்வளவு படித்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலியை அவர் ஆறவிடவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்டசபைக்குப் போனார், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார், அவ்வை இல்லம் தொடங்கினார். நடுவில் எங்கேயும் தங்கையை இறக்கி வைக்கவில்லை. 1952இல் அவர் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது திறந்தபோது அவருக்கு வயது 67. அங்கே இருந்தவை 12 படுக்கைகள். முப்பது வருஷத் துக்கம் கட்டிய கோயில் என்றே அதைச் சொல்வேன்.

சாமி அறை இருக்கட்டும், அது எங்கேயும் போய்விடாது. நாளைக் காலை அரசு மருத்துவமனைக்குப் போய், துணைக்கு ஆளில்லாமல் சீட்டுக்கு நிற்கும் ஓர் அம்மாவோடு வரிசையில் நில்லுங்கள். எந்த ஜன்னலில் எதைக் கேட்பார்கள் என்பது, தங்கையோடு அலைந்த உங்களுக்குத் தெரியும்.