கிதார் துறந்தோர் தொழிலியல்: தேவிகாபுரத் தறிமேடையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது மரபில்லை. அதன் எட்டு உறுப்புகளில் தவிர்க்க முடியாதவை மட்டும் இங்கே தரப்படுகின்றன. நுதலிய பொருள்: மேடையில் கிதாரும் டிரம்ஸும் முழக்கிய ராக் இசைக்காரர்கள், பிற்பாடு ஊரில் எல்லோரையும் போலக் காலையில் எழுந்து வேலைக்குப் போன வரலாறு. எல்லை: வடக்கே ஆரணி, கிழக்கே சேத்துப்பட்டு, மேற்கே போளூர். தெற்கெல்லை வகுக்கப்படவில்லை, தரவுகள் அந்தப் பக்கம் ஆஸ்திரேலியா வரை போய்விட்டன. கேட்போர்: பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரளும் பெற்றோர். பயன்: அவர்களுக்குத் தூக்கம்.

1. களம்

தேவிகாபுரம் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். விஜயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயில் கீழே. கனககிரீஸ்வரர் கோயில் மலைமேல். மலையில் இருக்கும் ஈசருக்கு வெந்நீரில் அபிஷேகம் செய்வது வழக்கம். தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். ஆரணிப் பட்டு என்று பெயர் சொல்லி விற்கும் சேலைகளில் ஒரு பங்கு இந்த வட்டாரத் தறிகளில்தான் நெய்யப்படுகிறது.

ராக் இசை ஆய்வுக்கு இந்த ஊர் எதற்கு என்று கேட்கலாம். மருந்து ஆராய்ச்சியில் மருந்து கொடுக்காத ஒரு கூட்டத்தைத் தனியே வைத்து ஒப்பிடுவார்கள். ராக் இசை ஆராய்ச்சியில் அந்த இடத்துக்குத் தேவிகாபுரத்தை விடத் தகுதியான ஊர் கிடைப்பது அரிது.

2. முதன்மைத் தரவு

நியூயார்க்கில் 1960களில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்று ஒரு குழு இருந்தது. ஆண்டி வார்ஹால் வரைந்த வாழைப்பழ அட்டையோடு 1967இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. அப்போது அதிகம் விற்கவில்லை. இன்று ராக் வரலாறு எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

பாடகர் லூ ரீட் 1970இல் குழுவை விட்டு வீட்டுக்குப் போய், அப்பாவின் கணக்கு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனார். கிதார்காரர் ஸ்டெர்லிங் மாரிசன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில இலக்கியம் ஆராய்ந்து 1986இல் முனைவர் பட்டம் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்தது ஹூஸ்டன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் வேலை. டிரம்ஸ் வாசித்த மோ டக்கர் ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். ஜார்ஜியா மாநிலத்தில் வால்மார்ட்டில் வேலை செய்தார். நான்காமவரான ஜான் கேல் மட்டும் இசையை விடவே இல்லை.

ஆக, நால்வரில் மூவர் வேலைக்குப் போனார்கள். நூற்றுக்கு 75. நாலு பேரை வைத்துக்கொண்டு விழுக்காடு போடலாமா என்று கேட்பவர்கள் ஆய்வேடுகளை அதிகம் படிக்காதவர்கள்.

3. வகைப்பாடு

கிதார் துறந்தோர் நால்வகைப்படுவர்.

முதல் வகை, புத்தகத்துக்குத் திரும்பியோர். குயீன் குழுவின் பிரையன் மே சூரிய மண்டலத்துத் தூசியின் வேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1974இல் ஆய்வைப் பாதியில் போட்டுவிட்டுப் போனார். 2007இல் வந்து சமர்ப்பித்து முனைவரானார். இடையில் 33 ஆண்டுகள். தூசி அதுவரை அங்கேயே இருந்தது என்பது அவருடைய நல்ல காலம். வேறு துறையாக இருந்தால் தலைப்பே காலாவதியாகியிருக்கும். பேட் ரிலிஜன் குழுவின் கிரெக் கிராஃபின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும், ஆஃப்ஸ்பிரிங் குழுவின் டெக்ஸ்டர் ஹாலண்ட் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டம் வாங்கினார்கள். இவர்கள் பாட்டை முற்றாகத் துறக்கவில்லை. அதனால் இவர்களை அரைத் துறவிகள் என்று கொள்க.

இரண்டாம் வகை, கருவியை மாற்றிக்கொண்டோர். ஆந்த்ராக்ஸ் குழுவில் மின்னல் வேகத்தில் கிதார் வாசித்த டேன் ஸ்பிட்ஸ் 1995இல் விலகி, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கலையைப் பயின்று அதில் தேர்ந்தவரானார். கிளாஷ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்த டெர்ரி சைம்ஸ் முதுகெலும்பு நீவிச் சரிசெய்யும் மருத்துவரானார். அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சன் விமானி உரிமம் பெற்று ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2008 பிப்ரவரி 1ஆம் தேதி அந்தக் குழு உலகப் பயணத்தை மும்பையில் தொடங்கியது. பயணத்துக்கான போயிங் 757ஐ ஓட்டியவர்களில் அந்தக் குழுவின் பாடகரும் ஒருவர். நம் ஊர் மெல்லிசைக் குழுவில் வேன் ஓட்டுகிறவரே டிரிபிள் காங்கோ வாசிப்பதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. வண்டியின் அளவுதான் வேறு.

மூன்றாம் வகை, அதிகாரத்துக்குப் போனோர். மிட்நைட் ஆயில் பாடகர் பீட்டர் காரெட் 2007இல் ஆஸ்திரேலியாவின் சுற்றுச்சூழல் அமைச்சரானார். பிளர் குழுவின் டிரம்மர் டேவ் ரௌண்ட்ரீ வழக்கறிஞராகி, நார்ஃபோக் கவுண்டிக் கவுன்சிலராகவும் இருந்தார். கலைமேடையிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதை தமிழ்நாட்டில் எப்போதோ தார் போட்டு முடிந்த பாதை என்பதால் இவ்வகை இங்கு விரிக்கப்படவில்லை.

நான்காம் வகை, நிலத்துக்குப் போனோர். ஆர்.இ.எம். குழுவின் டிரம்மர் பில் பெர்ரிக்கு 1995இல் சுவிட்சர்லாந்து மேடையிலேயே மூளை ரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்து எழுந்தவர் 1997இல் குழுவை விட்டு விவசாயத்துக்குப் போனார். வைக்கோல் புல் வளர்த்தார். தமிழ்க் குடும்பங்கள் முழு மனத்தோடு ஆசீர்வதிக்கக்கூடிய ஒரே வகை இதுதான் என்று நினைக்கலாம். உண்மையில் அவர்களும், "விவசாயத்துக்கு ஏம்ப்பா போற?" என்றுதான் கேட்பார்கள்.

4. தறிச் சோதனை

மேற்கண்டோரைத் தேவிகாபுரத்துப் பட்டுத்தறியில் உட்கார வைத்தால் யார் தேறுவார்?

தறியில் உட்கார்ந்த நெசவாளியின் கால்கள் குழிக்குள் மிதிக்கின்றன. ஒரு கை கயிற்றை இழுக்க, நாடா பாவின் ஊடே பெட்டிக்குப் பெட்டி பாய்கிறது. மறு கை பலகையை அடித்து ஊடையை நெருக்குகிறது. கண் கரையில் இருக்கிறது. கை கால் நான்கும் தனித்தனி வேலை செய்து ஒரே தாளத்தில் சேர வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவருக்கும் விதி இதுவே. பெரிய மேளத்தைக் காலால் அடிக்கும் மிதியை அமெரிக்காவில் வில்லியம் லட்விக் 1909இல் நல்ல வடிவுக்குக் கொண்டுவந்தார். தறிக்காரர் கால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மிதித்துக்கொண்டிருந்தது. எனவே சைம்ஸ், ரௌண்ட்ரீ, பெர்ரி மூவரும் நேரடியாகத் தறிக்குத் தகுதி பெறுகிறார்கள். சைம்ஸ் கூடுதல் தகுதி உடையவர்: குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்த முதுகுகள் அவருடைய மாலை நேரத்தை நிரப்பிவிடும்.

பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், மயிரினும் மெல்லிய பட்டு. இங்கே ஸ்பிட்ஸின் கடிகார விரல்கள் போட்டியின்றி வெல்கின்றன.

கோர்வைச் சேலைக்கு வேறு கணக்கு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரவேண்டும் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். கயிறு இழுக்கும் விசைநாடா அதற்கு உதவாது. தறியின் ஒரு பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவர் ஒரு நொடி தாமதித்தால் சேலை நிற்கும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ராக் குழுவில் இந்தப் பதவியின் பெயர் பேஸ் கிதார்.

கரையில் மயில் வர வேண்டுமா, யானை வர வேண்டுமா என்பதை ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள் சொல்கின்றன. பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்த முறை இது. எந்த இடத்தில் இழை தூக்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, திரும்பத் திரும்ப ஓட விடுவது. 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட தாள இயந்திரமும் இதையே செய்தது. தாளத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால் அதுவே அடித்துக்கொள்ளும். உலகெங்கும் டிரம்மர்கள் வயிற்றில் அடித்தது அது. கைத்தறிக்காரர் வயிற்றில் விசைத்தறி அடித்ததைப் போன்ற அடி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சேலை உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று இந்தியாவில் 1985இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பட்டியலில் இப்போது இருப்பவை 11 வகைகள். டிரம்ஸுக்கு அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. இதை முதல் வகையினரோ மூன்றாம் வகையினரோ கவனித்திருக்கலாம்.

5. நம் பக்கத்துச் சான்றுகள்

இது வெள்ளைக்காரர் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. ஏ.ஆர். ரகுமான் சென்னையில் ரூட்ஸ் குழுவில் கீபோர்டு வாசித்தார். நெமசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவும் வைத்திருந்தார். ‘ரோஜா’வுக்கு முன் அவர் பார்த்த வேலை, விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுவது. கல்கத்தாவில் 1975இல் தொடங்கிய மொஹீனேர் கோராகுலி வங்காள ராக்கின் முன்னோடி, 1981இல் கலைந்தது. அதன் ரஞ்சன் கோஷால் பெங்களூருக்கு வந்து விளம்பரத் தொழில் செய்தார். பெங்களூரின் அகம் குழுவில் பாடும் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன், செயலிகளின் திரை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையைத் தொடங்கிவைத்த உரும்பிராய் நித்தி கனகரத்தினம் விவசாயம் படித்தவர். கற்பிக்கும் தொழிலில் இருந்து பின் ஆஸ்திரேலியா போனார். தெற்கெல்லை வகுக்க முடியாமற்போன காரணத்தில் இவருக்கும் பங்குண்டு.

6. தடையும் விடையும்

தடை: இவர்கள் எல்லோரும் புகழுக்குப் பின் வேலைக்குப் போனவர்கள். அதில்தான் சுவை இருக்கிறது. மேடையில் ராஜா, மறுநாள் டைப்பிஸ்ட். தேவிகாபுரத்தில் இதற்கு இணை ஏது?

விடை: இணை உண்டு. தேவிகாபுரம் தெருக்கூத்து மண். கூத்தில் பெயர் பெற்ற புரிசை இதே மாவட்டம், செய்யாறு பக்கம். கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் வழி அங்கே இன்றும் நிற்கிறது. பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்கள் ஊர் ஊராகப் போகும். முகத்தில் அரிதாரம், தோளில் மரக்கட்டைப் புஜகீர்த்தி, தலையில் கிரீடம். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை. சத்தத்தில் எந்த ராக் குழுவுக்கும் குறைந்ததில்லை. முகம் முழுக்க வண்ணம் பூசி மேடையேறிய கிஸ் குழு 1973இல்தான் தொடங்கியது. இரவு பத்து மணிக்கு ஏறும் துரியோதனன் விடியும்போது தொடை பிளந்து விழுவான். சூரியன் ஏறும் நேரத்தில் அவனே தேங்காய் எண்ணெயில் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் பஸ் பிடிப்பான். கழனி வேலையோ, கூலி வேலையோ, தறியோ காத்திருக்கும். ஆடி கழிந்து கூத்து குறைந்தால் அதுவே முழுநேரம்.

ஆகவே லூ ரீட் டைப் அடித்த கதையை இங்கே ஒரு கூத்து வாத்தியாரிடம் சொன்னால் அவர் வியக்கமாட்டார். "சரிங்க, முன்னாடி பகல்ல இன்னா பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்பார். ராக் உலகம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இசைக்காரர் என்றால் பகலே இல்லாதவர் என்று அது முடிவு கட்டியது; ஒருநாள் பகல் வந்ததும் அதைச் செய்தியாகப் போட்டது. இங்கே வேலை முந்தியது, வேஷம் பிந்தியது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விழவேண்டிய தேவை ஏற்படவில்லை.

தடை: அப்படியானால் கூத்துக்காரருக்குக் கஷ்டமில்லையா? விடை: நிறைய உண்டு. இரவு முழுக்க ஆடிய கால் காலையில் தறி மிதிக்கும்போது என்ன சொல்லும் என்பதைக் காலைத்தான் கேட்க வேண்டும். வால்மார்ட்டில் நின்ற மோ டக்கரின் காலும் அதைத்தான் சொல்லியிருக்கும். இந்த ஒரு புள்ளியில் ஜார்ஜியாவும் தேவிகாபுரமும் ஒத்துப்போகின்றன.

7. மேலாய்வுக்குரியவை

ஒன்று: வான் ஹாலன் பாடகர் டேவிட் லீ ராத், 2000களின் நடுவில் நியூயார்க்கில் அவசர மருத்துவ உதவியாளராக வேலை செய்தார். ஆம்புலன்ஸில் கண் விழித்த நோயாளி அவரைக் கண்டு மீண்டும் மயங்கினால், அதைச் சிகிச்சையின் விளைவாகக் கொள்வதா, ரசிகப் பரவசமாகக் கொள்வதா?

இரண்டு: இழுவைப் படகுத் தலைவருக்குப் பழைய ஆங்கிலக் கவிதையில் முனைவர் பட்டம் இருந்தால் கப்பல் கரை சேரும் நேரம் குறைகிறதா? ஹூஸ்டன் துறைமுகப் பதிவேடுகளைப் பார்க்க நல்கை தேவைப்படுகிறது.

மூன்று: கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்காரும் ஆளின் கூலிப் பங்கும், நால்வர் குழுவில் பேஸ் கிதார்காரரின் பங்கும் ஒரே அட்டவணையில் ஒப்பிடப்பட வேண்டும். இதற்கு முழுநீள ஆய்வேடு ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. தலைப்பு தயார், மேற்பார்வையாளர் தேவை. சம்பளம் கிடையாது என்பதால், விண்ணப்பிப்போர் பகலில் வேறொரு வேலை வைத்திருப்பது விரும்பத்தக்கது.