நாய்க்கறி என்னும் தொகைச்சொல்

பெரிய நாய் எனப்படுவது யாது என்னும் வினாவுக்குக் கால்நடை மருத்துவம் ஒரு விடையும் கொட்டாம்பட்டி வட்டாரம் வேறொரு விடையும் கூறுகின்றன. முழு வளர்ச்சி பெற்றபின் ஏறத்தாழ 25 கிலோவுக்கு மேல் எடை கொள்வது பெரிய நாய் என்பது மருத்துவத்தின் வரையறை. எந்த வீட்டில் பால்காரர் வெளிவாசலிலேயே நின்று மணியடிக்கிறாரோ அந்த வீட்டில் இருப்பது பெரிய நாய் என்பது ஊரின் வரையறை. முன்னதற்குத் தராசு வேண்டும், பின்னதற்குப் பால்காரர் போதும் என்பதால் மேலூர் வட்டத்தின் இந்த வடகோடியில் பின்னதே செல்வாக்குப் பெற்றுள்ளது.

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நான்குவழிச் சாலையை ஒட்டிய தோப்புகளிலும் களங்களிலும் காவல் நிற்கும் பெரிய நாய்களுள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தென்னாட்டு இனங்களின் இரத்தம் சிறிதேனும் ஓடுவதாக அவற்றின் உரிமையாளர்கள் தவறாமல் கூறுவர். இவற்றுள் ராஜபாளையம் 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற சிறப்புடையது. அதனால் மக்கள் அஞ்சல் தலையின் பின்புறத்தை நக்கினார்களே தவிர, அந்த நாய்க்கு நக்குவதற்குக் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. இந்த வட்டாரத்தில் விலங்குகளுக்குள் சாப்பாட்டு மரியாதை முழுவதும் காளைக்கு உரியது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வாடிவாசலில் சில நொடிகள் தோன்றும் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டும் அதே கை, 365 இரவுகளும் பணியில் இருக்கும் நாய்க்கு நேற்றைய சாம்பாரை இன்றைய சோற்றில் கவிழ்த்துவிட்டுக் கடமை முடிந்ததெனக் கழுவிக்கொள்கிறது.

நாயின் தேவையைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. ஒரு நாய் எதையும் துரத்தாமல், எவரையும் பார்த்துக் குரைக்காமல், வெறுமனே படுத்துக் கிடப்பதற்கு மட்டும் செலவாகும் கலோரியை ஓய்வுநிலை ஆற்றல் தேவை என்பர். உடல் எடையை 0.75 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, அதை 70ஆல் பெருக்க அது கிடைக்கும். 30 கிலோ நாய்க்கு இது ஏறத்தாழ 900 கலோரி. அன்றாட நடமாட்டத்தையும் சேர்க்க, இதனை 1.6 மடங்காக்கினால் 1,440 வரும். 60 கிலோ நாய்க்கு ஓய்வுநிலைத் தேவை 1,800 அன்று, ஏறத்தாழ 1,500தான். அதாவது நாய் இரு மடங்கானாலும் சாப்பாடு இரு மடங்காவதில்லை. பெரிய நாய் வாங்கியே தீருவேன் என்று நிற்கும் இளைஞர் வீட்டாரிடம் எடுத்துவைக்கத்தக்க அறிவியல் வாதம் இது ஒன்றே எனினும், 0.75 அடுக்கை அப்பத்தாவுக்கு விளக்கி வென்றவர் எவரும் இல்லை.

நாய் ஓநாயின் வழிவந்தது, ஆதலால் அதற்கு இறைச்சியே உணவு, சோறு பாவம் என்று வாதிடுவோர் இப்போது பெருகியுள்ளனர். அவர்களுக்கு விடையாக 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணுவின் படிகள் ஓநாயிடம் இரண்டே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைக் காட்டியது. மனிதன் பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு அவன் எச்சிலை நம்பி வாழ்ந்த விலங்கு, எச்சிலுக்கு ஏற்பத் தன் மரபணுவையே திருத்திக்கொண்டது. ஆகவே கம்பங்களியும் கேழ்வரகுக் கூழும் போட்டுச் சிப்பிப்பாறையையும் கன்னியையும் வளர்த்த பழைய வழக்கத்தைச் சிக்கனம் என்று சொல்லலாமே தவிர, கொடுமை என்று சொல்வதற்கில்லை. கொடுமை வேறிடத்தில் உள்ளது. ஒரு பிடி சோற்றில் இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கஞ்சி என்று பெயரிட்டுவிட்டால் நாயின் வயிறு நிறைகிறது, விலா எலும்பு வெளியே தெரிகிறது, காண்போர் அதை வேட்டைநாயின் ஒயில் என்று பாராட்டிச் செல்கின்றனர்.

கூழில் போதாதது புரதம் என்பதால், நாய் வளர்ப்போர் நாடும் இடம் பிராய்லர் கடை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அங்கே நிகழும் உரையாடல் இலக்கண மாணவர்கள் நேரில் கேட்கத்தக்கது.

"அண்ணே, நாய்க்கறி ரெண்டு கிலோ போடுங்க."

"கொஞ்சம் பொறுங்கண்ணே, இந்தா இவருக்கு வெட்டிட்டுத் தர்றேன்."

வெட்டுக்கட்டையின் முன்னே ஒரு கிலோ கோழிக்காக நின்றிருக்கும் வெளியூர்க்காரர் இதைக் கேட்டதும் ஓரடி பின்வாங்கிக் கடையின் பெயர்ப்பலகையை மறுபடி ஒருமுறை படிக்கிறார். நாய்க்கறி என்பதை நாயினது கறி என விரித்தால் ஆறாம் வேற்றுமைத்தொகை. நாய்க்கு ஆகும் கறி என விரித்தால் நான்காம் வேற்றுமைத்தொகை. தொகைச்சொல் ஒன்று பலவாறு விரிந்து பொருள் மயங்கும் என்பதை இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே எச்சரித்துள்ளனர். ஆயினும் பிராய்லர் கடையில் அந்த மயக்கத்தால் ஒரு வாடிக்கையாளர் குறையக்கூடும் என்பது அவர்கள் நினைவுக்கு வந்திராது. கட்டைக்குக் கீழே உள்ள நீல டிரம்மில் கையை விட்டுக் கடைக்காரர் அள்ளும் தலை, கால், கழுத்து, தோல், இரைப்பை ஆகியவற்றின் தொகுதியே இங்கு நாய்க்கறி. கறியின் விலையில் சிறு பங்குக்கே அது கிடைக்கும்.

இந்தத் தொகுதியில் மிகப் பயனுள்ளது இரைப்பை. கொழுப்புக் குறைந்து புரதம் மிகுந்த அதை வேகவைத்து நறுக்கினால் போதும். ஈரல் சத்து மிகுந்தது, ஆயினும் அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு கடந்தால் உடலில் தேங்கித் தீங்கு செய்யும் என்பதால் அது உணவில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். இந்த விதியைப் பெரும்பாலான வீடுகள் அறியாமலேயே பின்பற்றுகின்றன. நாயின் பெயரால் வாங்கப்பட்ட ஈரல், வீடு வந்து சேர்ந்ததும் தனியே பிரிந்து மிளகு வறுவலாகிவிடுகிறது. வேகவைத்த எலும்புகளோ கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கவல்லவை. நெடுஞ்சாலை உணவகத்து இலையிலிருந்து பொறுக்கி வரும் பிரியாணி எலும்பைக் கருணையின் அடையாளமாகக் கருதுவோர் இதைக் கவனிப்பது நன்று. பிரியாணியிலும் சால்னாவிலும் கரைந்துகிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாயசத்து உலர்திராட்சையோ சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. மதுரைச் சீமையின் சமையலில் வெங்காயம் இல்லாத பண்டத்தைத் தேடுவதைவிட நாய்க்குத் தனிப்பானை வைப்பதே எளிது.

தனிப்பானைக்கு மாற்றாக வந்தது பாக்கெட் உணவு. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர் 1860ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். துறைமுகத்து நாய்கள் கப்பல்காரர்களின் காய்ந்த ரொட்டியை விரும்பித் தின்றதைக் கண்டதே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்பர். எச்சிலாக எறியப்பட்டதை எடைபோட்டு விற்றவர் என்ற வகையில் அவர் வணிக வரலாற்றில் ஒரு மேதை. இந்தியாவில் 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை, பாக்கெட் நாய் உணவுக்கு 18 விழுக்காடு என்று முடிவாயிற்று. காளைக்கும் நாய்க்கும் இடையே கொட்டாம்பட்டி காட்டும் வேறுபாட்டை தில்லியும் ஒப்புக்கொண்டது போலும். கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கலோரி தரும் உலர் உணவைத் தின்றால் 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 400 கிராமுக்குச் சற்று மேல், மாதத்துக்கு 12 கிலோ வேண்டும். எனவே பாக்கெட்டின் விலையை ஒப்பிடுவோர் கிலோவுக்கு என்ன விலை என்று பாராமல் ஆயிரம் கலோரிக்கு என்ன விலை என்று பார்ப்பதே முறை. விலை குறைந்ததெனத் தோன்றுவது பலவேளைகளில் தவிட்டைச் சேர்த்துப் பருமன் காட்டுவதாக இருக்கும். ஆயினும் அந்தப் பளபளப்பான பையை வெளித்திண்ணையில் வருவோர் பார்வை படும்படி நிறுத்துவதில் உரிமையாளருக்குக் கிடைக்கும் மதிப்பு எந்த வாய்பாட்டிலும் அடங்காதது.

30 கிலோ நாய்க்கு 250 கிராம் கம்பு அல்லது அரிசி, 300 கிராம் வெந்த இரைப்பைக் கறி, இரண்டு முட்டை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், வெந்த பூசணி ஒரு கை என்று வைத்தால் ஒருநாள் தேவை ஏறத்தாழ நிறைவேறும். இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும் அதிலுள்ள பைட்டிக் அமிலம் அதை முழுமையாக உடலில் சேரவிடாது. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருப்பதால், அதைக் காயவைத்து மாவாக அரைத்துக் கலந்தால் வளர்ந்த நாய்க்குப் போதும். செம்பு, துத்தநாகம், அயோடின் போன்ற நுண்சத்துகளுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்பதே முறை. குட்டிக்கு இந்தத் தாராளம் ஆகாது. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் மிகினும் எலும்பு கோணும் என்பதால், விரைவில் சிங்கமாக்கிவிடும் ஆசையில் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைத் திணிப்பவர் இறுதியில் காலை இழுத்து நடக்கும் சிங்கத்தையே பெறுகிறார்.

சிக்கனத்தின் தலைசிறந்த வழி ஒன்று உண்டு. அதில் எவரும் எதையும் விற்க முடியாது என்பதால் அது விளம்பரம் பெறவில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உடன்பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. விலாவில் விரல் வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், தூரத்திலிருந்து எண்ணத்தக்கதாகத் தெரியக் கூடாது என்பது அளவு. விருந்தினர் வந்து "நாய் இளைச்சுப் போச்சே, சோறு போடுறதில்லையா?" என்று கேட்கும் வரைதான் இந்த அளவு செல்லுபடியாகும், அன்று மாலையே நாய்க்கு இரட்டைப் பங்கு விழும். மார்புக்கூடு ஆழ்ந்த வேட்டை இனங்கள் ஒரே வேளையில் அள்ளி விழுங்கினால் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருப்பதால், அந்தப் பங்கையும் இருவேளையாகப் பிரித்தே வைக்க வேண்டும்.

வட்டிலைச் சற்று அருகிருந்து காண்பவர் நாயின் விமர்சனத் திறனை அறியலாம். களியில் பிசைந்த முட்டையையும் கறியையும் ஒரு துணுக்கு விடாமல் பிரித்து உண்டபின், பூசணித் துண்டுகள் மட்டும் வட்டிலின் அடியில் கழுவித் துடைத்து அடுக்கியவை போல் கிடக்கும்.

இதற்கிடையே வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அரிசியைக் குறைத்துக் கம்புக்கு அவரும் மாறியிருக்கிறார். நாய்க்கென வைத்த தனிப்பானையிலிருந்தே இப்போது இரண்டு வட்டில்கள் நிறைகின்றன: ஒன்றின் பக்கத்தில் நான்கு சின்ன வெங்காயம், மற்றொன்றின் பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதைப் பெரியவர் நன்கு அறிவார்; ஆயினும் அவர் பார்வை போவது முட்டையின் மேல்.