ஜாதிக்காய்க்கு நியூயார்க்கா?

கேள்வி: கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் ஐரோப்பியர்கள் மிளகைத் தேடி வந்தார்களாமே? (மாணவி, காரைக்குடி)

பதில்: பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் கதை. நம்பாதீர்கள். மிளகும் கிராம்பும் வாங்கக் காசு உள்ளவனுக்கு நல்ல கறி வாங்கவா காசு இல்லாமல் போகும்? மருந்துக்கு வாங்கினார்கள், ருசிக்கு வாங்கினார்கள். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் செல்வத்தைக் காட்டுவதற்காகவும் வாங்கினார்கள்.

கேள்வி: வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டு மன்னருக்கு என்ன பரிசு கொண்டுவந்தார்? (வாசகர், தேனி)

பதில்: சொன்னால் சிரிப்பீர்கள். கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரியின் ஆட்களும் சிரித்தார்கள். 1498-ல் காமா எடுத்து வைத்தவை: கோடு போட்ட துணி 12, தொப்பி 6, கை கழுவும் பாத்திரம் 6, பவழச் சரம் 4, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்று அதிகாரிகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அரபு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோன துறைமுகம் அது. அங்கே விலைபோகும் சரக்கு போர்ச்சுகீசியரிடம் அதிகம் இல்லை; பீரங்கி இருந்தது. 1502-ல் மறுபடி வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போதே எரித்தார். அவரைக் கடல்வழி கண்ட மாலுமி என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: போர்ச்சுகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல்வழி டச்சுக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது? (ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்)

பதில்: கோவா பேராயரிடம் காரியதரிசியாக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சு இளைஞர் புண்ணியத்தில். கண்ணில் பட்ட கடற்குறிப்புகளையெல்லாம் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர், 1596-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். 1600-ன் கடைசி நாளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1602-ல் டச்சுக் கம்பெனி. பேனா போட்ட ஓட்டையைப் பீரங்கியால் அடைக்க முடியவில்லை.

கேள்வி: ஒரு ஜாதிக்காய்த் தீவைக் கொடுத்துத்தான் ஆங்கிலேயர் நியூயார்க்கை வாங்கினார்களா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: பாதி உண்மை. அது பண்டமாற்று வியாபாரம் அல்ல. இன்றைய இந்தோனேசியாவில், பாண்டா தீவுக்கூட்டத்தில் ரன் என்று ஒரு துளித் தீவு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் உலகத்திலேயே பாண்டாவில்தான் விளைந்தன. நதானியல் கோர்ட்ஹோப் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறு படையோடு 1616-லிருந்து ரன் தீவைக் காத்து, 1620-ல் டச்சுக்காரர் கையால் செத்தார். மன்ஹாட்டனை ஆங்கிலேயர் பிடித்தது 1664-ல். 1667-ல் பிரெடா ஒப்பந்தத்தில், பிடித்தது பிடித்தபடியே இருக்கட்டும் என்று முடிவானது. ரன் டச்சுக்காரருக்கு, மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு.

யாருக்கு லாபம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தத் தீவுகளின் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று ஏன் கேட்பதில்லை? பாண்டா மக்கள் அரிசி கொண்டுவந்த ஜாவா வியாபாரிகளுக்கும் ஆங்கிலேயருக்கும் ஜாதிக்காய் விற்றார்கள். எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்த டச்சுக் கம்பெனிக்கு அது குற்றம். 1621-ல் அந்தக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் பெரும்படையோடு வந்து இறங்கினார். ஊர்ப்பெரியவர்கள் 44 பேரை டச்சுக் கோட்டைக்கு வெளியே மூங்கில் அடைப்புக்குள் நிறுத்தி, கூலிக்கு வந்த ஜப்பானிய வீரர்களை வைத்து வெட்டினார்கள். மலைக்கு ஓடியவர்கள் பட்டினியில் செத்தார்கள். பிடிபட்டவர்கள் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகப் போனார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மரங்கள் மட்டும் பத்திரமாக நின்றன. தோட்டம் தோட்டமாகப் பிரித்து, வெளியூர் அடிமைகளை வைத்துக் காய் பறித்தார்கள். நியூயார்க் கதையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: டச்சுக்காரர்களின் கொட்டத்தை யாருமே அடக்கவில்லையா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அடக்கினார்களே! 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுப் படையை முறியடித்தது. சண்டைக்கு மூலகாரணம் மிளகுதான். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து அதன் தளபதியானார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். மிளகு வியாபாரத்தை அரசர் தன் கைக்கே கொண்டுவந்துவிட்டார். விவசாயிக்கு அதனால் விடிவு வந்ததா என்றால், வாங்குபவர் மாறினாரே தவிர, வாங்குபவர் ஒருவர்தான்.

கேள்வி: கடைசியில் டச்சுக்காரர்களின் ஜாதிக்காய், கிராம்பு ஏகபோகம் எப்படி உடைந்தது? (வாசகர், கொழும்பு)

பதில்: நாற்றுக் கடத்தலால். மொரீஷியஸில் பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த பியர் புவாவ்ர் 1770-ல் கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளைத் தருவித்துக்கொண்டார். நெப்போலியன் காலப் போர்களில் பாண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர், நாற்றுகளைப் பினாங்குக்கும் உங்கள் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். இன்று தேசியக் கொடியில் ஜாதிக்காய் வைத்திருக்கும் நாடு கரீபியனில் உள்ள கிரனடா.

கேள்வி: எங்கோ நடந்த சண்டை. தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (ஆசிரியர், பொன்னேரி)

பதில்: ஐயா, உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை அங்கே 1613-ல் எழுந்தது. கிராம்புத் தீவுகளில் வெள்ளிக் காசைவிட நம் நெசவாளர்களின் துணிக்குத்தான் மதிப்பு. சோழமண்டலத் துணி இல்லாமல் டச்சுக்காரர்களால் மூட்டை மூட்டையாகக் கிராம்பு வாங்கியிருக்க முடியாது. கோட்டையில் வெடிமருந்தும் தயாரானது. துணியோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். பஞ்ச காலத்தில் விற்கப்பட்டவர்களும் பிடித்துவரப்பட்டவர்களும் பட்டாவியாவுக்கு அடிமைகளாகப் போனது இந்தக் கரையிலிருந்துதான்.

பழவேற்காட்டில் எலும்புக்கூடு செதுக்கிய வாசலுடன் ஒரு டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மாணவர்களை ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள். கல்லறைக்குள் இருப்பவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியும் தயவுசெய்து சொல்லுங்கள்.