மெத்தட் பெயரியல்: உடப்புக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

நிரலாளர்கள் தம் லைப்ரரியில் உள்ள மெத்தட்டுகளுக்குப் பெயரிடும் முறையை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராய்ந்தவர்களை நான் வாசித்ததில்லையாதலால் இம்முடிவு உறுதியானது. பெயர் நான்கு வகைப்படும்.

முதலாவது, குறைப்பெயர். யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’ தன் கடைசி ஆங்கில எழுத்தை இழந்து, இன்றும் மொட்டையாகவே நிற்கிறது.

இரண்டாவது, நெடும்பெயர். எங்கள் கடலோர ஊரான உடப்பின் கோயில் அழைப்பிதழில் ‘ஸ்ரீ ருக்மணி சத்தியபாமா சமேத ஸ்ரீ பார்த்தசாரதி ஸ்ரீ திரௌபதையம்மன்’ என்றிருக்கும்; தீமிதிப்புக்கு வருகிறவர் ‘திரௌபதையம்மன் கோயில்’ என்றே வழி கேட்பார். நெடும்பெயர் வைப்போர் குறும்பெயரும் சேர்த்துத் தருக.

மூன்றாவது, எண்சாத்திரப் பெயர். பிஎச்பியின் ஆரம்ப நாட்களில் ஃபங்ஷன்களைப் பெயரின் நீளத்தை வைத்தே அடுக்கினார்கள். ஒரே நீளத்தில் நெரிசல் வராதிருக்க, எழுத்தெண்ணிப் பெயர் வைத்ததாக அதை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் 2013இல் சொன்னார். நம்மூர்ச் சோதிடர்கள் கவனிக்க.

நான்காவது, அளவைப் பெயர். இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. ஜாவாவில் அரேக்கு ‘லெங்த்’, ஸ்ட்ரிங்குக்கு அதே ‘லெங்த்’ அடைப்புக்குறியோடு, லிஸ்டுக்கு ‘சைஸ்’. ரூபியில் அரே ஒன்றின் ஒரே அளவுக்கு இரண்டு பெயரும் உண்டு, சண்டையைத் தவிர்த்திருக்கிறார்கள். சரி, ‘உடப்பு’ என்பதன் நீளம் என்ன? யூடிஎஃப்-8இல் எழுதிக் கேட்டால் பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’ 18 என்கிறது. அது எண்ணுவது பைட்டை. பைதானின் ‘லென்’ 6 என்கிறது. புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனி ஆளாகக் கணக்கெடுக்கிறது. முதலாம் வகுப்புப் பிள்ளை 4 என்கிறது. பிள்ளையின் கட்சியில் நிற்பது ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரி. எழுத்துகளைப் பிரித்துத் தரும் அதன் ஃபங்ஷனுக்கு ‘கெட் லெட்டர்ஸ்’ என்றே பெயர்.

பிள்ளை சொன்னதே சரி என்பதற்கு மேற்கோள்கள்: நான் எழுதவிருக்கும் ‘பெயரியல் மாண்பு’, இயல் 7, அதற்கு நானே எழுதவிருக்கும் பேருரை, அப்பேருரையை மறுத்து நானே புனைபெயரில் எழுதி, பின் நானே மன்னித்தருளவிருக்கும் கண்டனத்தின் திருத்திய இரண்டாம் பதிப்பு, கரையான் தின்னவிருக்கும் பக்கம்.

எங்கள் கரையில் வலை இழுப்போரின் அம்பாப் பாட்டைப் பதிவுசெய்ய வந்து, கரைவலைக் கயிறான கம்பாவை ஒருமுறையும் தொடாமல் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பும் அறிஞர் பிள்ளை சொன்னதை ஏற்கமாட்டார். அவர் ஏற்காவிட்டால், மீனோடு வலையின் மடி கரையேறியதும் ‘எவ்வளவு?’ என்று கேட்டுப்பாருங்கள். ‘கிலோவா, காசா?’ என்று வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி திருப்பிக் கேட்பார். ‘லெங்த்’ அப்படிக் கேட்பதில்லை. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே நிரலாளர்களே, பைட்டை எண்ணினால் பைட் என்று பெயர் வையுங்கள். எழுத்தை எண்ணினால் எழுத்து என்று வையுங்கள். எதை எண்ணுகிறோம் என்று தெரியாவிட்டால், மெத்தட்டே எழுதாதீர்கள்.