இங்கே அழுத்தவும்

மென்பொருளை நிறுவுவது எப்படி என்று விளக்கும் உதவிப் பக்கம் அது. பார்வையற்ற நண்பர் திரைவாசிப்பானை ஓடவிட்டார். “படம் ஒன்று, இறுதி, புதிய இறுதி. இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும்” என்று படக் கோப்பின் பெயரையும் இணைப்புகளையும் அது நாமாவளியாகப் பாடியது. எதற்காக அழுத்துவது என்பது மட்டும் பரம ரகசியம்.

படத்தை விவரிக்கும் மாற்று உரை எழுதுங்கள் என்று வலை அணுகல் நெறிமுறை 1999-லேயே சொல்லிவிட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்று 2008-ல் கணக்கும் போட்டுக் கொடுத்தது. வடிவமைப்பாளருக்கோ வெள்ளையில் வெளிர்சாம்பல்தான் நாகரிகம். நல்ல கண் உள்ளவர்களும் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். சமத்துவம் இப்படியும் வரும்போலிருக்கிறது.

மவுஸ் பிடிக்க முடியாதவர் டேப் விசையைத் தட்டித் தட்டி மெனுவில் உள்ள அத்தனை இணைப்புகளையும் கிரிவலம் வந்தால்தான் முதல் பத்தியின் தரிசனம். ‘நேரே உள்ளடக்கத்துக்கு’ என்று ஓர் இணைப்பு வைத்தால் தீர்ந்தது. வைத்தால் அழகு கெட்டுவிடுமாம்.

பக்கத்தின் அடியில் கருணையோடு ஒரு வரி: “அணுகுவதில் சிரமமா? எங்களுக்கு எழுதுங்கள்.”

மின்னஞ்சல் முகவரியைப் படமாகப் போட்டிருந்தார்கள்.