ஒரு சதவீதம் அரை லட்சம்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் கணக்கெழுதுபவர், காலில் காலிப்பர். ஆட்டோக் கூலி, ஊன்றுகோலில் தேயும் ரப்பர் முனை என்று செலவுதான். வருமான வரிச் சட்டம் இதற்கெல்லாம் பில் கேட்பதில்லை. பெருந்தன்மை! ஊனம் 40 சதவீதமானால் 75,000 ரூபாய் கழிவு. 80 ஆனால் 1,25,000. ஆக, 79-க்கும் 80-க்கும் நடுவே இருக்கும் அந்த ஒற்றைச் சதவீதம் அரை லட்சம் பெறும். புதிய வரி முறைக்கு மாறினால் கழிவே கிடையாது. கால் குணமாகிவிட்டது போலும்.

சரி, சம்பளமே இல்லாதவருக்கு எதில் கழிப்பது? அவருக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியம் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனமும் 80 சதவீதம் வேண்டும். மாநிலம் மேலே போடுவது வேறு. மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய், 2012-இல் உயர்த்தியது.